எல்லா வண்டிக்கும் ஒரே எடை

புது மாப்பிள்ளையிடம் உண்மை பேசுகிற வீடு எங்கேயும் கிடையாது. சாம்பாரில் உப்பு அதிகம் என்று அவன் சொன்னால் ஆமாம், கொஞ்சம் கூடிப்போச்சு என்பார்கள். அடுத்த வாய் சாப்பிட்டுவிட்டு, இல்லை சரியாகத்தான் இருக்கிறது என்று அவனே மாற்றிச் சொன்னால் அதற்கும் ஆமாம் என்பார்கள். ஒரு மனிதனை ஒரு வருடம் முழுக்க இப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டால் அவன் என்ன ஆவான் என்பதை நேரில் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், தலைப்பொங்கலுக்குச் சங்கரன்கோவில் வந்திருந்த என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

என் மாமனாருக்கு ராஜபாளையம் ரோட்டில், வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓர் எடைமேடை உண்டு. லாரியையும் டிராக்டரையும் சரக்கோடு ஏற்றி நிறுத்தி எடை பார்க்கிற இடம். முதலில் சரக்கோடு ஓர் எடை. அப்புறம் வியாபாரியின் களத்தில் சரக்கைக் கொட்டிவிட்டு, வெறும் வண்டியாகத் திரும்பி வந்து இன்னோர் எடை. முதலாவதில் இரண்டாவதைக் கழித்தால் சரக்கின் எடை. கம்ப்யூட்டர் கழித்துச் சீட்டு அடித்துக் கொடுத்துவிடும். விற்கிறவர், வாங்குகிறவர் இரண்டு பேரும் அந்தச் சீட்டை நம்ப வேண்டும், அவ்வளவுதான் தொழில்.

மாமாவின் சீட்டை நம்பினார்கள். குருவிகுளம் பக்கமிருந்தும் இளையரசனேந்தல் பக்கமிருந்தும் வருகிற டிராக்டர்கள், வழியிலேயே வேறு மேடை இருந்தாலும் அதைத் தாண்டி இங்கே வந்துதான் நிற்கும். 'சங்கரலிங்கம் அண்ணாச்சி எடை' என்றால் வியாபாரிகளிடம் மறுபேச்சு இல்லை. மாமாவுக்கு அந்தப் பேரைத் தவிரப் பெரிய சொத்து எதுவும் கிடையாது. (கோமதியைச் சொல்லலாம். அவளை என்னிடம் கொடுத்துவிட்டார்.)

நான் சிவகிரிக்காரன். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டிரைவர் எழுதுகிற வேலை. அச்சுப்பொறி, கேமரா, தராசு என்று எந்தக் கருவியைக் கம்ப்யூட்டரில் செருகினாலும், இரண்டுக்கும் நடுவே நின்று பேச்சுவார்த்தை நடத்தி வைக்கிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். இதை எங்கே வைப்பது என்பதில் எங்கள் தொழிலில் பல காலமாகச் சண்டை உண்டு. கம்ப்யூட்டரின் உயிர்நாடியான கெர்னலுக்குள்ளேயே வைப்பது ஒரு வழக்கம். வேகமாக ஓடும். ஆனால் டிரைவர் தடுக்கி விழுந்தால் கம்ப்யூட்டரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். கெர்னலுக்கு வெளியே, மற்ற நிரல்களோடு ஒன்றாக வைத்துவிடுவது இன்னொரு வழி. அது செத்தாலும் கம்ப்யூட்டர் பிழைத்துக்கொள்ளும். நான் வெளியே வைக்கிற கட்சி. அப்போது சாதாரணத் தொண்டன்கூட இல்லை, தீக்குளிக்கத் தயாராக இருந்த தொண்டன்.

பொங்கலுக்கு மறுநாள் சும்மா காலாற எடைமேடைக்குப் போனேன். போன நேரம், கம்ப்யூட்டர் திரை முழுக்க நீலமாகி அப்படியே நின்றுவிட்டது. மேடையைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்கிற முருகையா அண்ணாச்சி கொஞ்சமும் பதறாமல் எழுந்தார்.

"பக்கத்து வெல்டிங் பட்டறையில மிசினப் போட்டா கரண்டு ஒரு முக்கு முக்கும், மாப்பிள்ள. இது படுத்துக்கும். ஒரு டீயக் குடிச்சிட்டு வந்து ஆப் பண்ணி ஆன் பண்ணுனா எந்திச்சிரும்" என்றார்.

அன்றாடம் இப்படி ஒன்றிரண்டு தடவை நடக்குமாம். வண்டிக்காரர்களும் அதற்குப் பழகி, திரை நீலமானதும் அவரவர் டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிடுவார்களாம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கடவுளே என்னைத் தேடி வந்து கொடுத்த சந்தர்ப்பம் என்று நினைத்தேன்.

குனிந்து பார்த்தேன். எடைக்கருவியிலிருந்து வருகிற மலிவு விலைக் கேபிளின் டிரைவர் கெர்னலுக்குள் உட்கார்ந்திருந்தது. மின்சாரம் முக்கினால் கேபிள் உளறும், கேபிள் உளறினால் டிரைவர் விழும், டிரைவர் விழுந்தால் எல்லாம் விழும். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மாமாவை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு (அவருடைய ஆபீஸ், அவருடைய நாற்காலி) பாடம் எடுக்க ஆரம்பித்தேன்.

"கெர்னல்ங்கிறது கல்யாண வீட்டுச் சமையல்கட்டு மாதிரி மாமா. சண்டைக்காரச் சொந்தக்காரர் ஒருத்தரை அதுக்குள்ள விட்டா என்ன ஆகும்? அண்டா கவிழும், ஊருக்கே சாப்பாடு கிடையாது. அதே ஆளை வெளிய பந்தல்ல உட்கார வச்சா? அவர் கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போனாலும் பந்தி நடக்கும். அதனால டிரைவரை எப்பவுமே வெளியதான் வைக்கணும்."

மாமா மிகவும் கவனமாகக் கேட்டுவிட்டு, "டிரைவர வெளியதான மாப்ள நிறுத்துதோம். எறங்காம எடை போட விடுததே இல்லயே" என்றார்.

அவருக்குப் பின்னாலிருந்த சுவரில் 'ஓட்டுநர் கீழே இறங்கவும்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

அன்று பிற்பகலே வேலையை முடித்துவிட்டேன். பழைய டிரைவரைத் தூக்கி எறிந்துவிட்டு, நானே புதிதாக ஒன்று எழுதி கெர்னலுக்கு வெளியே ஓட விட்டேன். அது எடையைப் படித்துப் படித்து ஓரிடத்தில் போட்டு வைக்கும். சீட்டு அடிக்கிற நிரல் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். டிரைவர் செத்துப்போனால் உடனே எழுப்பிவிட ஒரு காவல் நிரலும் எழுதியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அத்தை அதிரசமும் காப்பியும் கொண்டுவந்தார். காவலை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். எடை வரவில்லை என்றால் திரையில் ஓர் எச்சரிக்கை வரும்படி முதலில் வைத்திருந்தேன். மாப்பிள்ளை செய்து கொடுத்த நிரலில் மாமனார் எதிரே பிழைச்செய்தி வந்தால் மரியாதை என்ன ஆவது? அதையும் எடுத்துவிட்டேன். கடைசியாக, மேசையில் சிவப்பு எண்களில் எடை காட்டிக்கொண்டிருந்த பழைய கருவிப் பெட்டியை, கம்ப்யூட்டரில்தான் பெரிதாகத் தெரிகிறதே, மேசைக்கு இது அசிங்கம் என்று வயரோடு சேர்த்து அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

மாலையில் பட்டறையில் வெல்டிங் பொறி பறந்தது. எல்லோரும் திரையைப் பார்த்தோம். நீலமாகவில்லை. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். முருகையா அண்ணாச்சிக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றம், டீ போச்சே என்று. (டிரைவர் அன்றைக்கு எப்படியோ தப்பித்தது. அதிர்ஷ்டம் என்பதை நான் திறமை என்று எடுத்துக்கொண்டேன்.)

மறுநாள் மக்காச்சோள வண்டிகள் வரிசையாக வரத் தொடங்கின. மானாவாரி அறுவடை முடிந்து, பொங்கலுக்காகக் காத்திருந்த டிராக்டர்கள் எல்லாம் ஒரே காலையில் கிளம்பியிருந்தன. நான் வீட்டில் இருந்தேன். கோவிலுக்குப் போவதற்காகப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, இடியாப்பத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மேடையில் நடந்ததை முருகையா அண்ணாச்சி பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முதல் டிராக்டர் ஆறாயிரத்து நானூற்று எண்பது கிலோ. அடுத்ததும் ஆறாயிரத்து நானூற்று எண்பது. ஒரே ஊர் வண்டிகள், ஒன்றுபோல ஏற்றியிருப்பார்கள் என்று அண்ணாச்சி நினைத்திருக்கிறார். மூன்றாவது, பாதிகூட நிறையாத டிரெய்லர். அதே எடை. பின்னாலேயே வைக்கோல் ஏற்றிய ஒரு குட்டியானை வேன் வந்து ஏறியது. அதுவும் ஆறாயிரத்து நானூற்று எண்பது. வைக்கோல்காரர் சீட்டைப் பார்த்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அண்ணாச்சி மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினார். "அலமாரியத் தொறந்து பழைய பெட்டியப் பாத்துருவோமா?" என்று கேட்டார்.

"அவுக உள்ள வச்சத நாம வெளிய எடுத்தா மாப்பிள்ள மனசு என்ன பாடுபடும்? இரும், நான் போயிப் பக்குவமா கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லி, அடுத்த வண்டியை நிறுத்திவைத்துவிட்டு மாமா வீட்டுக்கு வந்தார். அதற்குள் முதலில் வந்த வண்டிகள் சரக்கை இறக்கக் களத்துக்குப் போய்விட்டிருந்தன.

மாமா என் எதிரே உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்ள, நீங்க செஞ்சு கொடுத்தது நல்லா ஓடுது."

"ஓடும் மாமா."

"நிக்கவே இல்ல."

"நிக்காது மாமா. அதுக்குத்தான வெளிய வச்சிருக்கேன்."

"எடைகூட... முன்ன மாதிரி ஆடல. அசையாம நிக்கி."

"அதான் மாமா நிதானம். பழைய டிரைவர்ல கிடைக்காது."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "இன்னும் ரெண்டு இடியாப்பம் வைக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். பக்குவமாகக் கேட்டது அவ்வளவுதான். கதவருகே நின்றிருந்த கோமதி, "எங்கப்பாவுக்கு ஏன் தை மாசத்துல இப்பிடி வேர்த்து ஊத்துது?" என்றாள். உன் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை என்று பதில் சொன்னேன். சொன்னேன், சத்தியமாக.

சற்று நேரத்தில் மேடைப் பக்கம் ஒரு பெண் குரல் உயர்ந்து கேட்டது. நானும் கோமதியும் போனோம். இளையரசனேந்தலிலிருந்து வந்திருந்த பேச்சியம்மாள். சொந்த டிராக்டர், சொந்த நிலம், யாருக்கும் அடங்காத தொண்டை. களத்தில் சோளத்தைக் கொட்டிவிட்டு வெறும் வண்டியோடு இரண்டாம் எடைக்கு வந்திருந்தார். மாமா தடுப்பதற்குள் சீட்டு அடித்து வந்துவிட்டது. ஆறாயிரத்து நானூற்று எண்பதிலிருந்து ஆறாயிரத்து நானூற்று எண்பதைக் கம்ப்யூட்டர் மிகச் சரியாகக் கழித்திருந்தது.

"அண்ணாச்சி, சோளம் சைபர் கிலோன்னு அடிச்சிருக்கு. அப்பம் காலையில நான் என்ன காத்தையா ஏத்திட்டு வந்தேன்?"

மாமா சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் முன்னால் போனேன். இந்த இடத்தில் என்னை யாராவது பிடித்து இழுத்திருக்கலாம். ஆனால் மாப்பிள்ளையைப் பிடித்து இழுக்கிற வழக்கம் அங்கே இல்லை.

"அம்மா, கம்ப்யூட்டர் தப்பா கழிக்காது. காலையில வரும்போதே வண்டி காலியா இருந்ததான்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க" என்றேன்.

பேச்சியம்மாள் என்னைப் பட்டு வேட்டியிலிருந்து தலை வரைக்கும் பார்த்தார்.

"எய்யா, நீ யாரு?"

"வீட்டு மாப்பிள்ள" என்றார் முருகையா அண்ணாச்சி, இரங்கல் செய்தி சொல்கிற குரலில்.

"மாப்பிள்ளன்னா வீட்டுல இருந்து சோறு திங்க வேண்டியதுதான? தராசுப் பக்கம் என்ன சோலி?"

நான் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் கோமதி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, டிராக்டரைப் பின்னால் எடுக்கச் சொல்லி, மேடையின் நடுவில் போய்த் தனியாக நின்றாள்.

"நான் எவ்வளவு இருக்கேன், பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

திரையைப் பார்த்தேன். ஆறாயிரத்து நானூற்று எண்பது.

"கல்யாணத்துக்கு முன்ன ஐம்பது கிலோ இருந்தேன். ஒங்க வீட்டுச் சாப்பாடு ஒடம்புல நல்லாவே ஒட்டியிருக்கு."

அங்கே நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். காலையில் பட்டறையில் முதல் பொறி பறந்தபோதே என் டிரைவர் இறந்துபோயிருந்தது. யாருக்கும் தொந்தரவு இல்லாமல் சாக வேண்டும் என்றுதானே அதை வளர்த்திருந்தேன். அப்படியே செத்திருந்தது. எழுப்பக் காவல் இல்லை, சொல்ல எச்சரிக்கை இல்லை. அது கடைசியாகப் போட்டு வைத்த முதல் டிராக்டரின் எடையை எடுத்து எடுத்து, சீட்டு அடிக்கிற நிரல் ஊருக்கெல்லாம் விநியோகம் செய்துகொண்டிருந்தது.

காலையில் போன வண்டிகளின் உண்மையான எடை இனி எந்தக் கம்ப்யூட்டரிலும் கிடையாது. ஈரம் பார்ப்பதற்காகக் களத்தில் ஒவ்வொருவர் சோளத்தையும் தனித்தனியாகக் கொட்டி வைத்திருந்தார்கள். அதனால் பிழைத்தோம். எல்லாவற்றையும் திரும்ப அள்ளி வண்டியில் ஏற்றி மறுபடி எடை போட வேண்டும். முருகையா அண்ணாச்சி அலமாரியைத் திறந்து பழைய பெட்டியை வெளியே எடுத்தார். அது சரியான எடையைக் காட்டிக்கொண்டு, பாவம், இருட்டுக்குள் தனியாக எரிந்துகொண்டிருந்தது.

"இந்தப் பெட்டியில பாத்துப் போட்டுத் தந்துருதோம், தாயி" என்றார் மாமா.

"வேண்டாம் அண்ணாச்சி. ஒங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா இன்னைக்கு ஒங்க மேடையில ஏத்த மாட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு அங்கிட்டு இருக்குற மேடையில போடுங்க" என்றார் பேச்சியம்மாள்.

மற்றவர்களும் தலையாட்டினார்கள். மாமா பழைய பெட்டியின் தூசியைத் துண்டால் துடைத்தார். "அவ சொல்லுதது நியாயம்தான்" என்று மெதுவாகச் சொன்னார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த முகத்தைத்தான் தாங்க முடியவில்லை. அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த பேரை நான் ஓர் அதிரசம் தின்கிற நேரத்தில் தொலைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. ஓடிப்போய்ச் சென்னை பஸ்ஸில் ஏறிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

பொங்கல் முடிந்து சுமை தூக்குகிறவர்கள் பாதிப் பேர் வேலைக்குத் திரும்பவில்லை. ஆகவே மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். மாமனார் இறங்கினால் மாப்பிள்ளை நிற்க முடியுமா? பட்டு வேட்டியோடு நானும் இறங்கிக் கூடையில் சோளம் அள்ளினேன். சோளத்தூசி கழுத்தில் இறங்கினால் எப்படி அரிக்கும் என்பதை எங்கள் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கவில்லை. கோமதி உதவிக்கு வருவாள் என்று பார்த்தேன். அவள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்ட் மேடைக்காரர் எங்களை வரவேற்ற மாதிரி என் கல்யாணத்தில்கூட யாரும் என்னை வரவேற்கவில்லை. நாற்காலி போட்டார். குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். என் தலையில் ஒட்டியிருந்த சோள உமியைத் தட்டிவிட்டார்.

"நம்ம மேடையில பழைய மிசினுதான், மாப்பிள்ள. அடிக்கடி நின்னு போகும். ஆனா நின்னா, நின்னு போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

படித்த நாட்களில் இதைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் வாசித்திருக்கிறேன். கலர் பாட்டிலோடு யாரும் சொன்னதில்லை.

எல்லா வண்டிக்கும் புதுச் சீட்டு வாங்கிக் கொடுத்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் மாமா வண்டியை ஓட்டிக்கொண்டே, "மாப்ள, ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார்.

"சொல்லுங்க மாமா."

"முந்தாநேத்து சாம்பாருல உப்பு கூடன்னு சொன்னீயள்லா. கூடல்லாம் இல்ல. சரியாத்தான் இருந்துச்சு."

அன்றோடு நான் புது மாப்பிள்ளையாக இருந்தது முடிந்தது. அந்த வீட்டில் அப்புறம் எல்லா உண்மையும் என் முகத்துக்கு நேராகத்தான் சொல்லப்பட்டது. என் சட்டை எடுப்பாக இல்லை, என் பாட்டு சகிக்கவில்லை, என் தம்பிக்குப் பார்த்திருக்கிற பெண் அவனைவிடக் கெட்டிக்காரி, எல்லாம். நாடகம் போடுகிற மரியாதையைவிட இது எவ்வளவோ மேல் என்று சொல்லிக்கொள்கிறேன். முழுதாக நம்புவதற்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

மாமாவின் பேர் மெல்ல மெல்லத் திரும்பிவந்தது. பேச்சியம்மாளும் அடுத்த அறுவடைக்கு வந்தார். மேடையில் ஏறுவதற்கு முன்னால் அவர் கேட்கிற ஒரே கேள்வி, "மாப்பிள்ள ஊருக்கு வந்திருக்காவளா?" வந்திருக்கிறேன் என்று தெரிந்தால் வண்டியைத் திருப்பிவிடுவார். வைக்கோல்காரர் மட்டும் இன்றுவரை வரவில்லை. அந்தச் சீட்டை என்ன விலைக்கு மாற்றினாரோ தெரியாது.

நான் இன்றைக்கும் டிரைவரைக் கெர்னலுக்கு வெளியேதான் வைக்கிறேன். கட்சி மாறவில்லை. ஆனால் எழுதுகிற முதல் வரியே, செத்தால் ஊரைக் கூட்டிக் கத்துவதற்கான வரிதான். ஒரு சின்னக் கோளாறுக்கு ஏன் திரை முழுக்கச் சிவப்பாக எழுதுகிறாய் என்று ஆபீசில் கேட்பார்கள். குடும்ப வழக்கம் என்று சொல்லிவிடுவேன்.

போன வருடம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் அவளை எடை மிஷினில் கிடத்தி, மூன்று கிலோ நூறு கிராம் என்றார். மாமா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நர்ஸிடம் திரும்பினார்.

"இன்னொரு மட்டம் போட்டுப் பாரும்மா. இவ அப்பா இங்கனதான் நிக்காவ."

நர்ஸ் ஒன்றும் புரியாமல் குழந்தையைத் தூக்கி மறுபடியும் வைத்தார். அதே மூன்று கிலோ நூறு. மாமாவின் முகம் சட்டென்று மாறிவிட்டது. அடுத்த கட்டிலில் இருந்த குழந்தையை வாங்கிவரச் சொல்லி, அதையும் அந்த மிஷினில் போடவைத்து, எடை மாறுகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பேத்தியைக் கையில் வாங்கினார்.